ஸ்ரெல்லாவின் நண்டும் நோர்வேக்காரரின் கேள்வியும்

குருநகர் மீன்சந்தையில் ஸ்ரெல்லா ஒரு நண்டைப் புரட்டினால், கூடையில் கிடக்கிற மற்ற நண்டுகளெல்லாம் வரிசையாகத் தாங்களே மல்லாந்து படுத்துவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கால் கட்டிய நண்டுகளால் அது முடியாது. ஆனால் நண்டு விற்கிற றஜிதா, ஸ்ரெல்லாவின் ஸ்கூட்டிச் சத்தம் சந்தை வாசலில் கேட்டவுடனேயே தன் கூடை நண்டுகளை மல்லாத்தி வைக்கத் தொடங்குவது நான் கண்ணால் கண்ட உண்மை. இல்லாவிட்டால் ஸ்ரெல்லா ஒவ்வொன்றாகப் புரட்டி, வயிற்றைப் பார்த்து, ஓட்டின் ஓரத்தை விரலால் தடவி முடிப்பதற்குள், வாங்க வந்த சனம் அடுத்த கூடைக்குப் போய்விடும்.

"எவடத்து நண்டு?" என்பாள் ஸ்ரெல்லா.

"கடல் நண்டு."

"எந்தக் கடல் எண்டு கேக்கிறன். பரவைக்கடலோ, வடக்குக் கடலோ?"

"சட்டிக்குள்ளை போனால் எல்லாம் ஒரே கடல்தான், டொக்டர்" என்பாள் றஜிதா.

இந்த 'டொக்டர்' ஊசி போடுகிற டொக்டர் அல்ல. பல்கலைக்கழகத்தில் வைரஸ் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டொக்டர். அவளை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் 'ரீச்சர்' என்று என்னைக் கூப்பிட்டு உப்புக் கேட்கிற பிள்ளையை 'அவர்' என்று எழுத என் கை வரவில்லை, இதை அச்சிடுகிற இதழின் ஆசிரியர் குழு மன்னிக்க வேண்டும். கொரோனா வந்த காலத்தில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் அவள் வாசலில் நின்றது. வைரஸ் என்று பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருக்கிறவள், ஒரு மருந்து சொல்லாமலா போய்விடுவாள்? இருமல்காரர், தடிமன்காரர், காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டு வந்த தாய்மார் எல்லாருக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். "காலை எண்ணிப் பாருங்கோ. பத்து இருந்தால் கொண்டு வாங்கோ, பாக்கிறன். ரண்டெண்டால் ஆஸ்பத்திரி."

அவள் பார்ப்பது நண்டிலும் இறாலிலும் வருகிற வெண்புள்ளி வைரஸ். அதை எனக்கு அவள் விளங்கப்படுத்திய விதத்திலேயே சொல்கிறேன். நண்டு இந்த வைரஸை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வைத்திருக்கும். தனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதே விருந்தாளி இறால் வளர்க்கிற குளத்துக்குள் இறங்கினால் குளம் முழுவதும் இறால் செத்து மிதக்கும். சாப்பிடுகிற மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாது என்று உலகத்துக்கே எழுதியவள், கல்யாண வீட்டுப் பந்தியில் தன் இலையில் விழுகிற நண்டைப் புரட்டி, ஓட்டைக் கழற்றி, அதன் உள்பக்கத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காமல் ஒரு துண்டும் வாயில் வைக்கமாட்டாள். அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறவர்கள் நண்டை மெதுவாக இலையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மரக்கறிக்கு மாறிவிடுவார்கள். போன வருடம் ஒரு கல்யாணத்தில் இப்படி ஒரு வரிசையே மாறியது. முழு வரிசையும் என்று சொல்வது கொஞ்சம் கூடத்தான். நான் மாறினேன்.

அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஒரு ஐஸ்பெட்டி எப்போதும் கட்டியிருக்கும். அதற்குள் என்ன இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஒருமுறை கோயில் வாசலில் அவளுடைய மாமியார் தாகத்துக்கு ஐஸ் எடுக்கப்போய் மூடியைத் திறந்த நாளிலிருந்து அது ஊருக்கே தெரியும்.

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதிலும் அவளுக்கு ஒரு தனி வழி உண்டு. விடிய, கோயில் முதல் மணி அடிக்க முன்னர், குசினி மேசையில் இருந்து எழுதுவாள். எழுதியதைக் கணவன் லெனாட்டுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். லெனாட் வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின் திருத்துகிறவன். வள்ளத்துக்குப் பூச்சு அடிப்பதும் அவன்தான். அவன் கொட்டாவி விட்ட இடத்தை அவள் வெட்டிவிடுவாள். உலகத்துப் பெரிய மதிப்பீட்டாளர்கள் 'மிகச் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது' என்று பாராட்டியதெல்லாம் லெனாட்டின் வாய் திறந்த இடங்களைத்தான்.

கட்டுரை வெளிவந்த பிறகு மற்ற ஆராய்ச்சிக்காரர் தங்கள் கட்டுரையில் அதை எடுத்துக் காட்டினால் அது ஒரு மேற்கோள். அந்தத் தொழிலில் ஆளை நிறுப்பது இந்த மேற்கோள்களை வைத்துத்தான். இன்னும் ஒரு எண் இருக்கிறது. அவளுக்கு அது பதினான்கு. பதினான்கு கட்டுரைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் குறைந்தது பதினான்கு பேராவது எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அதைச் சமையலில் வைத்து விளங்கிக்கொண்டேன். ஒரே ஒரு கறியில் ஊரெல்லாம் பேரெடுத்து, மற்றதையெல்லாம் கரிய விடுகிறவளுக்கு அந்த எண் ஒன்றுதான். ஸ்ரெல்லாவிடம் பதினான்கு கறி தேறும்.

இந்தக் கணக்கை அவள் பார்ப்பதில்லை. ஏனென்று ஒருமுறை கேட்டேன். "வலையைப் போட்டிட்டு மிதப்பையே பாத்துக்கொண்டிருந்தால் ஆர் ரீச்சர் வள்ளம் ஓட்டுறது?" என்றாள். பார்ப்பது லெனாட். காலையில் எழும்பி, கடல் எப்படி என்று பார்க்க முன்னரே கைபேசியில் மனைவியின் மேற்கோள் கணக்கைப் பார்ப்பான். கிரிக்கெட் ஓட்டம் சொல்லுகிற மாதிரி மதிலுக்கு மேலால் எனக்குச் சொல்லுவான். "இண்டைக்கு ஒண்டு, ரீச்சர். பிரேசில்." சில நாட்களில் ஒன்றும் இருக்காது. "இண்டைக்கு மழை" என்பான்.

அவளுக்குப் பேர் எடுத்துக் கொடுத்தது ஒரு கட்டுரை. எங்கள் பரவைக்கடலில், அதாவது கடல்நீரேரியில் பிடிபடுகிற நண்டிலுள்ள வைரஸ் ஒரு குடும்பம், மயிலிட்டிப் பக்கத்து வடக்குக் கடல் நண்டிலுள்ளது வேறு குடும்பம், இரண்டு குடும்பமும் சம்பந்தம் செய்து கலப்பதில்லை என்பது அதன் சாரம். ஆகவே இங்கத்து நண்டை அங்கத்து இறால் குளத்துக்குத் தீனியாகப் போடக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க அவள் இரண்டு கரையிலும் வள்ளம் வள்ளமாக நின்று நண்டு வாங்கினாள். எந்த நண்டு, எந்த நாள், எந்த வள்ளம் என்று கட்டுரையில் ஒரு அட்டவணை போட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த ஒருவர் என்றால் அந்த அட்டவணையில் வள்ளத்தின் பதிவு இலக்கத்தை எழுதியிருப்பார். ஸ்ரெல்லா குருநகரில் பிறந்தவள். தகப்பனும் கடலுக்குப் போனவர். இங்கே வள்ளத்தை இலக்கத்தால் கூப்பிடுகிறவர் கடற்படையும் வள்ளம் பதிகிற அரசாங்கக் கந்தோரும்தான். மற்ற எல்லாருக்கும் வள்ளம் என்றால் பேர். செபஸ்தியார் கரைக்கு வந்துவிட்டார், லூர்து மாதாவுக்கு எஞ்சின் பழுது, யாகப்பருக்கு இன்றைக்கு நல்ல மீன்பாடு என்றுதான் கதை நடக்கும். அவளும் பேரைத்தான் எழுதினாள். எழுதும்போது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

போன வருடம் நோர்வேயிலிருந்து ஒரு பேராசிரியர் அந்தக் கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். அது எல்லாரும் பார்க்க இணையத்தில் வெளியானது. மரியாதையான கடிதம், அதனால்தான் கூட நொந்தது. ஏசி எழுதியிருந்தால் நாங்களும் திருப்பி ஏசியிருக்கலாம். அவர் கேட்டது இதுதான். அட்டவணையில் ஒரே நாளில் 'அந்தோனியார்' என்ற வள்ளம் கடல்நீரேரியிலும் நண்டு பிடித்திருக்கிறது, மயிலிட்டிக்கு வெளியே வடக்குக் கடலிலும் பிடித்திருக்கிறது. குடாநாட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வள்ளம் ஒரே விடியலில் இரண்டு இடத்தில் எப்படி வலை இழுக்க முடியும்? அப்படியானால் நண்டுப் பெட்டிகள் கலந்துபோயின என்றுதானே அர்த்தம்? பெட்டி கலந்திருந்தால், வைரஸ் கலக்கவில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

ஆய்விதழ் ஒரு மாதத் தவணை கொடுத்தது. அதற்குள் சரியான விளக்கமும் ஆதாரமும் வராவிட்டால் கட்டுரையை மீளப் பெறுவோம் என்றார்கள். மீளப் பெற்ற கட்டுரைக்கு மேலே சிவப்பு எழுத்து விழும். அது என்றைக்கும் போகாது. அவளுடைய பின்னாளைய கட்டுரைகளெல்லாம் இந்த ஒன்றின் மேல் ஏறி நின்றவை. அத்திவாரக் கல்லை உருவினால் வீட்டுக்கு என்ன நடக்கும் என்று ஒழுங்கையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

என் தங்கையின் மகள் நோர்வேயில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டவுடன், "பெரியம்மா, ஆளின்ரை விலாசத்தைத் தாங்கோ, நேரிலை போய் ரண்டு கேள்வி கேக்கிறன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டவர் கேட்டதில் பிழை இல்லை என்று ஸ்ரெல்லாவே சொன்னாள். அதுதான் அவளுக்குப் பயமே.

"என்ரை கையாலை கலந்திட்டனோ தெரியேல்லை ரீச்சர்" என்று மதிலில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "அந்த வருசம் ஒவ்வொரு விடியவும் ஓட்டந்தானே. பெட்டியை இஞ்சை வைச்சு அங்கை எடுத்து. இல்லையெண்டு சத்தியம் பண்ண எனக்குத் துணிவில்லை."

அந்த நாட்களில் அவள் நண்டு வாங்கவில்லை. சந்தையில் றஜிதாவின் கூடையைத் தாண்டிப் போனாள். றஜிதா பழக்கத்தில் நண்டை மல்லாத்தி வைத்து, அவள் நிற்காமல் போக, மறுபடியும் குப்புறப் போட்டாள். வீட்டில் சொதியும் சோறும்தான்.

லெனாட் மட்டும் சந்தோஷமாக இருந்தான். அவனுக்கு முழு விபரமும் அவள் சொல்லவில்லை. அவன் விடியவிடிய மதிலுக்கு மேலால் கணக்குச் சொன்னான். "ஒரு கிழமையிலை ஒன்பது, ரீச்சர். இப்பிடி ஒருநாளும் ஏறினதில்லை. இவவை இனிப் பிடிக்கேலாது." ஸ்ரெல்லா கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "உது ஒன்பதும் ஏச்சு" என்றாள்.

அப்போதுதான் எனக்கும் அந்தத் தொழிலின் கூத்து விளங்கியது. புகழ்ந்தாலும் ஒன்று, 'இந்தக் கவனக்குறைவைப் பாருங்கள்' என்று எழுதினாலும் ஒன்று. கணக்குப் பெட்டிக்கு இரண்டும் ஒரே சத்தம். எங்கள் ஒழுங்கையில் அந்த முறையில் எண்ணினால், நாங்கள் எல்லாரும் எங்கள் மாமிமாரால் உலகப் புகழ் பெற்றிருப்போம். லெனாட் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய் மற்ற வாளியைப் பிடித்தான். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் அவன் கணக்குப் பார்க்கவில்லை.

விடை கரையில் கிடந்தது. ஒரு காலை நான் மீன் வாங்க நிற்கிறேன், ஸ்ரெல்லா வெறும் ஐஸ்பெட்டியோடு சும்மா நிற்கிறாள். பாடு முடிந்து வள்ளங்கள் வருகிற நேரம். தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் நின்ற ஒரு மனிசி கரைப்பக்கம் திரும்பி, "அந்தோனியார் வந்திட்டுதோ?" என்று கேட்டாள்.

வலை தட்டிக்கொண்டிருந்த இன்னொருத்தி நிமிராமலே கேட்டாள்: "எந்த அந்தோனியார்?"

ஸ்ரெல்லா என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் மீன்பை கீழே விழுந்தது. அவள் அந்த இரண்டு மனிசிகளையும் பார்க்கவில்லை. கரையிலே வரிசையாகக் கிடந்த வள்ளங்களின் மூக்கைப் பார்த்தாள். எங்கள் வடக்கில் கரைக்குக் கரை அந்தோனியார் உண்டு. கடலில் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் என்று நேர்த்தி வைத்துப் பேர் வைப்பார்கள். கரையில் நின்று அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டால் பாதிக் கடல் திரும்பிப் பார்க்கும். பாதி என்பது என் கணக்கு. நாலைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ரண்டு வள்ளம் ரீச்சர்" என்றாள். "இஞ்சை சிமியோன் அண்ணையின்ரை. மயிலிட்டியிலை நீக்கிலாப்பிள்ளை அண்ணையின்ரை. ரண்டும் அந்தோனியார். நான் கலக்கேல்லை. நான் ஒண்டையும் கலக்கேல்லை."

இதை எழுதும்போதே எனக்கு மூச்சு லேசாகிறது. ஆனால் அவளுக்கு அன்றைக்குக் கிடைத்தது பாதி மூச்சுத்தான். தனக்குத் தெரிந்தால் போதாது. நோர்வேக்காரரும் ஆய்விதழும் நம்ப வேண்டும். சிமியோனின் வள்ளம் பேரோடும் இலக்கத்தோடும் கண்முன்னே கிடக்கிறது. மற்றது எங்கே? கந்தோரில் கேட்டால் இலக்கமும் சொந்தக்காரர் பேரும்தான் இருக்கும். புனிதர்களைக் கந்தோரில் பதிவு செய்வதில்லை. அட்டவணையில் இருப்பதோ புனிதர் மட்டும். அந்தப் பேரையும் ஒரு மயிலிட்டி இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால்தான் காரியம் நடக்கும்.

நீக்கிலாப்பிள்ளை முழங்கால் நோவோடு தொழிலை விட்டு, மன்னாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வள்ளத்தை வாங்கியவன் ஹசன். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது தாயின் இடுப்பில் போனவன். புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, இப்போது நாவாந்துறைக் கரையில் தொழில் செய்கிறான். ஸ்ரெல்லாவும் லெனாட்டும் போக, நானும் ஓட்டோவில் பின்னால் போனேன். என்னைக் கூப்பிட்டார்களா என்று கேட்காதீர்கள்.

வள்ளம் நீலமாக நின்றது. மூக்கில் வெள்ளை எழுத்தில் 'கமீலா' என்று எழுதியிருந்தது. ஹசனின் தாயின் பேர்.

ஸ்ரெல்லா விஷயத்தைச் சொன்னாள். ஹசன் முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு வள்ளத்தில் கை வைத்தபடி சொன்னான்: "உள்ளுக்கு இருக்கு அக்கா. பழைய பேரும் இருக்கு, பழைய நம்பரும் பக்கத்திலை இருக்கு. நான் மேலாலை அடிச்சனான்தான். ஆனால் சுரண்டேலாது. விக்கேக்கை அந்த மனிசன் என்னட்டை ஒண்டுதான் கேட்டவர். 'பேரை மூடு, சுரண்டாதை' எண்டு. நான் வாக்குக் குடுத்திட்டன்."

ஒருவரும் அவனை வற்புறுத்தவில்லை. தன் பேர் போகக் கூடாது என்று அலைகிற ஒருத்தி, இன்னொருவனுடைய வாக்கைப் போகச் சொல்லிக் கேட்க முடியுமா? தவணையில் மிச்சம் இருந்தது ஒரு கிழமைகூட இல்லை. லெனாட் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹசனே கைபேசியை எடுத்தான். மன்னாருக்கு அழைப்பு எடுத்து, சத்தத்தைக் கூட்டி, வள்ளத்தின் விளிம்பில் வைத்தான். நீக்கிலாப்பிள்ளைக்குக் காது மந்தம். ஸ்ரெல்லா தன்னுடைய முழுக் கட்டுரையையும், வைரஸ் குடும்பங்களையும், நோர்வேயையும் கரை முழுவதும் கேட்கக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தில் இதை அவள் ஒருநாளும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். மறுபக்கம் இருமல் வந்தது. பிறகு கிழவரின் குரல்.

"ஹசன் நிக்கிறானோ?"

"நிக்கிறன் அண்ணை."

"நீ சொன்ன சொல்லு மாறேல்லை, மோனை. நான்தான் இப்ப மாத்திறன். அந்தோனியாருக்கும் உள்ளுக்கையே இருந்து இருந்து அலுத்திருக்கும். வெளியிலை வந்து ஒருக்காச் சாட்சி சொல்லிப்போட்டுப் போகட்டும். பிறகு உன்ரை அம்மாவை வடிவாய் எழுது."

வேலையைச் செய்தவன் லெனாட். பூச்சின் மேல் பூச்சு. அவசரப்பட்டு உரஞ்சினால் இரண்டும் சேர்ந்து போய்விடும், பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. தின்னரில் துணியை நனைத்து, கொஞ்சம் துடைத்து, பொறுத்து, தண்ணீர் தொட்ட சான்ட்பேப்பரால் குழந்தையின் முதுகு தடவுகிற மாதிரித் தடவினான். பொழுது சாய்கிறது. ஹசன் குடை பிடிக்கிறான், காற்றில் மணல் ஒட்டாமல் இருக்க. ஸ்ரெல்லா வள்ளத்துக்கு முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நண்டை அப்படிப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவளுக்கு இதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இஞ்சை திரும்பு" என்றான் லெனாட்.

நீலத்துக்குள்ளிருந்து ஒரு பழைய சிவப்பு எழும்பி நின்றது. அந்தோனியார். பக்கத்தில் கறுப்பில் பதிவு இலக்கம், ஒரு எண்ணும் குறையாமல். ஸ்ரெல்லா அழவில்லை. பையைத் திறந்து, நண்டு அளக்கிற அடிமட்டத்தை எடுத்து, புனிதரின் பேருக்குக் கீழே நேராக வைத்துப் படம் எடுத்தாள். அடிமட்டம் இல்லாமல் எடுத்த படத்தை அவள் படம் என்றே ஒத்துக்கொள்ளமாட்டாள். ஹசன் என் பக்கம் குனிந்து, "அவரை அளந்து என்ன செய்யப் போறா?" என்று கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன்.

அந்த இலக்கம் அந்த வருடம் மயிலிட்டியில் நீக்கிலாப்பிள்ளையின் பேரில் இருந்தது என்று கந்தோரில் எழுதித் தந்தார்கள். சிமியோனின் வள்ளத்துப் படமும் போனது. இரண்டு அந்தோனியார், இரண்டு இலக்கம், இரண்டு கடல். பதில் வர எடுத்த நாட்களில் ஸ்ரெல்லா என் வீட்டு வாழையை எல்லாம் வெட்டித் துப்புரவாக்கினாள். கேட்காமலே செய்தாள். காய்க்கிற வாழையையும் வெட்டிவிட்டாள்.

ஒரு மத்தியானம் மதிலுக்கு மேலால் தலை தெரிந்தது. "ரீச்சர், பிளேன்ரீ இருக்கோ?" உள்ளே வந்து படியில் இருந்தாள். அவள் தேநீரைச் சீனி இல்லாமல் குடிக்கிறவள். "ரண்டு கரண்டி சீனி போடுங்கோ" என்றாள். குடித்து முடித்துத்தான் சொன்னாள். கட்டுரை நிற்கிறது. அட்டவணையில் வள்ளங்களின் இலக்கத்தையும் சேர்த்து ஒரு சின்னத் திருத்தம் போடுகிறார்கள், அவ்வளவுதான். முடிவுகளில் மாற்றம் இல்லை. சொல்லிவிட்டு, கோப்பையின் அடியில் கிடந்த சீனியை விரலால் வழித்து நக்கினாள். ஐந்து வயதில் அவளை அப்படிப் பார்த்தது.

இப்போது அவளுடைய ஐஸ்பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் 'இலக்கம்!' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கரையில் நண்டு வாங்கினால் முதலில் வள்ளத்தின் மூக்கைச் சுற்றிப் போய் எண்ணைப் பார்ப்பாள். சிமியோனுக்கு அதில் கோபம். "சின்னனிலை என்ரை வள்ளத்திலை ஏறி விளையாடின பிள்ளை, இப்ப என்னட்டை நம்பர் கேக்குது" என்று எல்லாருக்கும் சொல்லித் திரிகிறார். லெனாட் மறுபடியும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டான். ஹசனின் வள்ளத்தில் கமீலா திரும்பி வந்துவிட்டா, முன்னையதைவிட வடிவான எழுத்தில். அதையும் லெனாட்தான் எழுதினான். அதற்கு அடியில் அந்தோனியார் பத்திரமாக இருக்கிறார்.

போன ஞாயிறு ஸ்ரெல்லா எல்லாரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். முருங்கையிலை போட்டு நண்டுக் கறி, குத்தரிசிச் சோறு. ஹசன் நண்டு பிடிப்பானே தவிரச் சாப்பிடமாட்டான்; அவனுக்கு விளைமீன் பொரியல். சிமியோன் முதல் கோப்பை நண்டுச் சாற்றைக் குடித்துவிட்டு, தன் வள்ளத்தைச் சந்திக்கு இழுத்த அந்தக் கட்டுரைக்காரி இதுவரை எழுதியதையெல்லாம் உலகத்திலே எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்க முன்னர் நான் சொன்னேன், ஆயிரத்துக்குக் குறையாது என்று. நல்ல சாப்பாட்டின்போது அதற்குக் குறைந்த எண் என் வாயில் வருவதில்லை.

"நானூற்றி ஆறு, ரீச்சர்" என்றான் லெனாட், கைபேசியைத் தொடாமலே.

ஸ்ரெல்லா சட்டியிலிருந்து ஒரு நண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏழு" என்றாள். லெனாட் அவளைத் திரும்பிப் பார்த்தான். "சமைக்கேக்கை பாத்தனான். ஏழாவது அவர்தான், நோர்வேக்காரர். இந்தமுறை ஏச்சில்லை." சொல்லியபடியே, நண்டைப் புரட்டாமல், ஓட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடிக்காமல், இரண்டாக உடைத்து வாயில் வைத்தாள்.